அலைக்கு டோக்கன்

இன்டர்நெட் தொழில் என்றால் ஒயர் இழுக்கிற வேலை என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, இதில் நாம் இழுப்பது கொஞ்சம், நம்மை இழுத்தடிப்பதுதான் அதிகம்.

மருந்துக் கடை, பட்டாசுக் கடை, பெட்ரோல் பங்க் என்று அரசாங்கத்திடம் ஒரு லைசென்ஸ் வாங்கி வயிற்றைக் கழுவுகிற சக பாவிகளே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் தொலைத்தொடர்பு என்பது அரசாங்கத்தின் உரிமை. அதை நீங்களோ நானோ நடத்த வேண்டுமென்றால், தன் உரிமையில் ஒரு துண்டை வெட்டி அரசாங்கம் லைசென்ஸாகத் தர வேண்டும். நாடு முழுவதற்கும் என்றால் பெரிய துண்டு, மாநிலத்துக்கு நடுத்துண்டு, என்னைப் போல ஒரு வட்டாரத்துக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்கு வால் துண்டு. ஆனால் விதிமுறைப் புத்தகம் தலைக்கும் வாலுக்கும் கிட்டத்தட்ட ஒரே தடிமன்.

ராமேஸ்வரத்தில் ஒரு ஐஸ் கம்பெனியின் மாடியில் உட்கார்ந்துகொண்டு அந்த வால் துண்டை நான் வாங்கிய கதைதான் இது.

டோக்கன்

அப்போது எனக்குச் சொந்த லைசென்ஸ் கிடையாது. ஒரு பெரிய கம்பெனியின் இணைப்புகளை விற்றுக் கொடுக்கிற ஏஜென்ட், அவ்வளவுதான். ஒருநாள் மேரியக்கா என் கடைக்கு வந்தார். தனுஷ்கோடி போகிற ரோட்டில், மணலுக்குள் கொஞ்சம் தள்ளி ஒரு மீனவர் குடியிருப்பு இருக்கிறது. அங்கே சுற்றுலா வருகிறவர்களுக்கு மீன் பொரித்துக் கொடுக்கிற கொட்டகை அவருடையது. வீட்டுக்காரர் சூசையண்ணன் வள்ளம் என்கிற சின்னப் படகில் கடலுக்குப் போகிறவர்.

எங்கள் ஊரில் விசைப்படகுக்காரர்கள் கடலுக்குக் கிளம்புமுன் டோக்கன் வாங்க வேண்டும். காற்று வருகிறது என்று எச்சரிக்கை வந்தால் டோக்கன் கொடுக்க மாட்டார்கள். 'இன்னைக்கு டோக்கன் இல்ல' என்றால் இன்றைக்குக் கடல் இல்லை என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்தக் குடியிருப்பின் வள்ளங்கள் வீட்டு வாசலிலிருந்தே கடலில் இறங்குகிறவை. டோக்கன் கொடுக்கிற படகுத்துறைப் பக்கம் வருவதில்லை, வரிசையிலும் நிற்பதில்லை. எச்சரிக்கை ஃபோனில் வரலாம் என்றால் அங்கே சிக்னல் கிடையாது. அப்படி டோக்கன் நிறுத்திய ஒருநாள் சூசையண்ணன் கடலில் இருந்தார். வள்ளம் கவிழ்ந்து, ஒரு பிளாஸ்டிக் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்து, மறுநாள் வேறு ஏதோ ஒரு கரையில் ஏறினார். எச்சரிக்கை மெசேஜ் மேரியக்காவின் ஃபோனுக்கு வரத்தான் செய்தது. புருஷனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பஸ் ராமேஸ்வரத்துக்குள் நுழைந்தபோது வந்தது.

அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருந்து என்னிடம் காட்டித்தான் அவர் இன்டர்நெட் கேட்டார். நான் கம்பெனியின் மேனேஜருக்கு ஃபோன் போட்டேன். அந்த இடம் எங்கள் திட்டத்திலேயே இல்லை என்று முடித்துவிட்டார். நாமே கொடுத்துவிடலாமே என்றால், சொந்த லைசென்ஸ் இல்லாமல் கொடுப்பது குற்றம். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றி வளைத்துச் சொன்னேன். மேரியக்கா கேட்டுவிட்டு எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார்.

"அப்ப நீயும் எறங்குறதுக்கு டோக்கன் வாங்கணும், அம்புட்டுத்தானே? வாங்கு தங்கச்சி. நான் அங்கனதான் இருப்பேன், எங்கயும் போயிற மாட்டேன்."

காயவைத்த இன்டர்நெட்

லைசென்ஸ் தனி ஆளுக்குக் கொடுக்க மாட்டார்கள், கம்பெனிக்குத்தான். கம்பெனி ஆரம்பிக்க ராமநாதபுரத்தில் ஓர் ஆடிட்டரைப் பிடித்தேன். நம் பக்கத்தில் கம்பெனி ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் கடல் பொருள் வியாபாரிகள் என்பதால் அவரிடம் பத்திரமெல்லாம் தயாராக இருந்தது. பெயரையும் விலாசத்தையும் மாற்றிவிட்டு, காபி வருவதற்குள் வேலையை முடித்துக் கொடுத்தார். இவ்வளவு சுறுசுறுப்பான மனிதரா என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

விண்ணப்பம் டெல்லிக்குப் போய்ப் பல நாள் பேச்சு மூச்சில்லை. பிறகு ஒரு கேள்வி வந்தது. விவரம் கேட்க ஃபோன் செய்தால் எடுத்தவர் நம் திருநெல்வேலிக்காரர். "மேடம், கம்பெனியின் நோக்கம் மீனைக் காயவைத்து ஏற்றுமதி செய்வதுன்னு போட்டிருக்கு. இன்டர்நெட்ட நீங்க எப்படிக் காயவைப்பீங்க?" என்று மிக மரியாதையாகக் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பாம்பன் பாலம் முழுக்க ஆடிட்டரைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். போனதும், சேர்த்துவைத்த வார்த்தை எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் அசையவில்லை. இன்டர்நெட் சேவையை நோக்கத்தில் சேர்த்து, புதிதாகத் தயார் செய்து கொடுத்தார். வாசித்துப் பார்த்தால் கடைசியில் மீனும் அப்படியே இருக்கிறது. ஏன் சார் என்றேன்.

"எதுக்கும் கருவாடும் ஒரு ஓரமாக் கெடக்கட்டும்மா. நாளப் பின்ன இன்டர்நெட் ஓடலேன்னா கை குடுக்கும்."

வரவேற்பு மெசேஜ்

விண்ணப்பம் திரும்பவும் டெல்லியில் தூங்கிக்கொண்டிருந்த நாட்களில் நான் தூங்கவில்லை. ஐஸ் கம்பெனி மாடியிலிருந்து குடியிருப்புக்கு ரேடியோ அலை நேராகப் போய்ச் சேருமா என்று அளந்து பார்க்க நானும் முபாரக்கும் போனோம். முபாரக் ஏர்வாடிக்காரர், என்னிடம் இருக்கிற ஒரே டெக்னீஷியன். மூன்று கால் ஸ்டாண்டில் கருவியை நிறுத்தி, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நான் கடலைப் பார்த்தபடி நின்றேன்.

மேரியக்கா கொட்டகையில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் குடும்பத்தோடு மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ஃபோன் ஒரு சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தார், முகம் வெளிறிப்போயிற்று. இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம் என்று மெசேஜ். அந்த இடத்தில் இது சகஜம். நம் டவர் தூரம், அவர்கள் டவர் சமயத்தில் எட்டிவிடும்; வரவேற்பு சொல்லிவிட்டு மறுநிமிஷம் போய்விடும். அந்த அரசாங்கம் அதன் எல்லை வரைக்கும் லைசென்ஸ் கொடுத்திருக்கிறது, நம் அரசாங்கம் நம் எல்லை வரைக்கும். ஆனால் அலைக்கு எல்லை தெரியாது. மனிதர் என் அடையாள அட்டையையும் கருவியையும் பார்த்துவிட்டு, இது எல்லைக் காவல் அதிகாரிதான் என்று முடிவு கட்டிவிட்டார். கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்து, "சத்தியமா மீன் சாப்பிடத்தானுங்க வந்தோம். பாஸ்போர்ட்டு ஊட்டுல பீரோவுல இருக்குதுங்க. திரும்பிப் போக உடுவீங்களா?" என்றார்.

அவரைச் சமாதானப்படுத்தி, நீங்கள் இன்னும் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறீர்கள் என்று சொல்லி உட்கார வைத்தோம். முபாரக் சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மேரியக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"வாங்க வாங்கன்னு எங்களுக்குந்தான் தெனமும் வருது. காத்து வருதுன்னு சொல்லத்தான் ஒருத்தனும் இல்ல."

நிய்யத்து

ரேடியோ அலை விஷயத்தில் அரசாங்கம் ஒரு தர்மம் செய்திருக்கிறது. ஏலம் விடாமல், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று கொஞ்சம் அலைவரிசையைத் திறந்து விட்டிருக்கிறது. ஆனால் கருவி அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், அதன் சக்தி வரம்புக்குள் இருக்க வேண்டும், சேவை கொடுப்பதற்கு லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும்.

முபாரக் ஒருநாள் பெட்டியோடு வந்தார். ஆன்லைனில் எங்கேயோ சல்லிசாகப் பிடித்த ரேடியோ. அங்கீகார முத்திரை எதுவும் இல்லை. "சும்மா மாட்டி விட்ருவோம்க்கா. லைசென்ஸ் வர்றப்ப வரட்டும். அந்த மணக்காட்டுல யாரு வந்து பாக்கப் போறா?" என்றார். யார் பார்க்கப் போகிறார்களா? கண்ணுக்கெட்டிய தூரத்தில் இன்னொரு நாடு. நேவி, கோஸ்ட் கார்டு, போலீஸ் என்று எத்தனை காதுகள் அந்தக் கடலை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கின்றன! கணக்கில் இல்லாத ஒரு சிக்னல் அந்தக் கரையிலிருந்து கிளம்பினால், இன்டர்நெட்டா கடத்தலா என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். முதலில் மாட்டுகிறவர் மேரியக்கா, அடுத்தது அவர் வீட்டுக்காரர். இதைச் சொல்லும்போது என் குரல் ஐஸ் கம்பெனி முழுக்கக் கேட்டிருக்கும். கீழே ஐஸ் உடைப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

முபாரக் கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து, பெட்டியை ஒட்டிக் கட்டி, திருப்பி அனுப்புவதற்கு விலாசம் எழுதினார்.

"சரிக்கா. நிய்யத்து நல்லாருந்தா, மனசுல எண்ணம் சுத்தமா இருந்தா, நெட்டு தானா வரும். நாம நேர் வழியிலயே போவோம்."

எவன் பிடித்த அலை?

வருஷம் ஓடியது. இன்னுமா லைசென்ஸ் வரவில்லை என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. ஒருநாள் கரையில் மீன் ஏலம் கூறுகிற அண்ணன் பிடித்துக்கொண்டார். அப்படி என்னதான் அந்த லைசென்ஸில் இருக்கிறது என்றார். நானும் பொறுமையாக, அலைக்கற்றை என்று ஒன்று இருக்கிறது, பெரிய கம்பெனிகளுக்கு அதை அரசாங்கம் ஏலத்தில் விடுகிறது, என்னைப் போன்ற சின்ன ஆட்களுக்கு ஏலம் இல்லாத ஓரம் மட்டும்தான் என்று விளக்கினேன்.

ஏலம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவருக்குத் தொழில் முறையில் ரோஷம் வந்துவிட்டது. கையிலிருந்த சீலா மீனைக் கீழே போட்டார்.

"அலைய ஏலம் விடுறாகளா? மீனப் புடிச்சவன் கொண்டாந்து கொட்டுறான், நான் கூறுறேன். அலைய எவன் புடிச்சு, எந்தக் கூடையில கொண்டாந்து கொட்டுனான்?"

பூனைக்கு அனுமதி உண்டா?

லைசென்ஸ் வந்துவிட்டது. ஸ்வீட் வாங்கி ஐஸ் கம்பெனி முழுக்கக் கொடுத்தேன். ஆனால், நண்பர்களே, லைசென்ஸ் கையில் வந்தால் கஷ்டம் தீர்ந்தது என்று நீங்கள் யாராவது நினைத்தால், நீங்கள் இன்னும் லைசென்ஸ் வாங்கியதில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் நிபந்தனைகள் ஆரம்பிக்கின்றன. யார் எந்த நேரத்தில் எந்த இணைப்பைப் பயன்படுத்தினார்கள் என்ற பதிவு இருக்க வேண்டும். இந்தத் தளத்தை முடக்கு என்று உத்தரவு வந்தால் முடக்க வேண்டும். மெஷின்கள் இருக்கிற அறைக்குள் அனுமதி இல்லாதவர் யாரும் நுழையக் கூடாது.

இதையெல்லாம் பார்க்க மதுரையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நிதானமான மனிதர். ஐஸ் கம்பெனியில் ஜெனரேட்டர் இருப்பதால் கரண்ட் நிற்காது என்று அந்த மாடியை நான் பிடித்த சாமர்த்தியத்தைப் பாராட்டினார். மீன் வாடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கைக்குட்டையை மட்டும் எடுத்தார். இந்த அறைக்குள் என்னையும் முபாரக்கையும் தவிர ஒரு ஈ காக்கை நுழையாது சார் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, சர்வர் பெட்டியின் மேல் சூட்டுக்குச் சுருண்டு படுத்திருந்த ஐஸ் கம்பெனிப் பூனை எழுந்து சோம்பல் முறித்தது. அதன் பின்னாலேயே இரண்டு குட்டிகளும் எழுந்தன.

அதிகாரி பூனையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பூனையைப் பத்தி லைசென்ஸ்ல ஒண்ணும் சொல்லலைம்மா. ஆனாலும் ஜன்னலுக்கு ஒரு வலை அடிச்சிருங்க, ஒங்க ஊர்ல வலைக்கா பஞ்சம்?"

இல்லாததற்குச் சத்தியம்

லைசென்ஸ் கட்டணம் என்பது நாம் சம்பாதிப்பதில் ஒரு பங்கு. நியாயம்தான். ஆரம்பத்தில் நான் ஒன்றுமே சம்பாதிக்கவில்லை. ஆனால் சம்பாதிக்கவில்லை என்பதையும் காலாகாலத்தில் பிரமாணப் பத்திரத்தில் எழுதி, சத்தியம் செய்து, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ராமநாதபுரம் கோர்ட் வாசலில் ஒரு நோட்டரி வக்கீல் முத்திரை குத்திக் கொடுப்பார். நாலாவது முறையாக நான் போய் நின்றபோது நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்கதை இல்லேன்னு சத்தியம் பண்ணத்தாம்மா எல்லாரும் இங்க வாராக. இல்லாததை இல்லேன்னு சத்தியம் பண்ண வார ஒரே ஆளு நீங்கதான்."

பாவம் தொலைக்கிற இடம்

முதலில் கிடைத்த வாடிக்கையாளர்கள் லாட்ஜ்காரர்கள். பொது இடத்தில் வைஃபை கொடுத்தால், பயன்படுத்துகிறவர் யார் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவரின் ஃபோன் நம்பரையும் வாங்கிச் சரிபார்க்க ஏற்பாடு செய்து கொடுத்தேன். ஒரு லாட்ஜில் போய்ப் பார்த்தால், மேனேஜர் அதை ஓரங்கட்டிவிட்டு, ஒரே பாஸ்வேர்டைச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்திருந்தார். தீர்த்தமாட வருகிறவர்கள் எல்லோரும் ஈர வேட்டியோடு அதைப் படித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒருவன் ஏதாவது வில்லங்கம் செய்தால், தேடி வருகிறவர்கள் முதலில் தட்டுவது என் கதவு. என் லைசென்ஸ் போனால் குடியிருப்புக்குப் போக வேண்டிய இணைப்பும் போய்விடும். இன்றைக்கே சுவரை அழிக்காவிட்டால் லைனை நிறுத்திவிடுவேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் முனகிக்கொண்டே சுண்ணாம்பு கரைத்தார்.

"செஞ்ச பாவத்தத் தொலச்சுத் தலமுழுக வாரவன்கிட்ட ஃபோன் நம்பரக் கேக்கச் சொல்றீகளேம்மா. அவன் அந்த நம்பரையும் சேத்துத் தொலைக்கத்தான் வந்திருக்கான்."

சிலுவைக்குக் கீழே

இனி குடியிருப்பு. அலை போய் இறங்க அங்கே ஒரு கம்பம் வேண்டும். கம்பம் நட அனுமதி வேண்டும். முதல் அலுவலகம், இரண்டாவது அலுவலகத்தின் கடிதம் இருந்தால் தருகிறோம் என்றது. இரண்டாவது அலுவலகம் மூன்றாவதைக் கேட்டது. மூன்றாவது அலுவலகம், முதல் அலுவலகம் கொடுத்தால் எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னது. நான் விடவில்லை. நீங்கள் சொன்னதையே எழுத்தில் கொடுங்கள் என்று மூன்று இடத்திலும் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசில் மூன்றையும் ஒன்றாக வைத்தேன். வட்டமாகச் சுற்றுகிறது என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்தது. புதிதாகக் கம்பம் நடத்தானே இத்தனை கேள்வி, ஏற்கெனவே நிற்கிற கட்டடத்தின் மேல் சின்னதாக வைத்துக்கொள்ளலாம் என்று வழி பிறந்தது.

அந்த மணலில் ஓலைக் கூரைகளுக்கு நடுவே நிற்கிற ஒரே சிமென்ட் கட்டடம் மாதா கோயில். மேரியக்காவே ஃபாதரிடம் பேசினார். முபாரக் பிஸ்மி சொல்லி ஏணியில் கால் வைத்தார்; கீழே பெண்கள் அவர் விழாமலிருக்கச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கோபுரத்தின் உச்சியில் சிலுவை. அதற்கும் மேலே ஒரு முழம் தூக்கினால் அலை அருமையாகக் கிடைக்கும் என்று முபாரக் மேலிருந்து கத்தினார். அரசாங்க விதியும் அதற்கு இடம் கொடுத்தது. ஃபாதர் மட்டும் அண்ணாந்து பார்த்தபடி தலையை ஆட்டினார். கடைசியில் ஐஸ் கம்பெனி மாடியில் எங்கள் பக்கக் கம்பத்தைத்தான் உயர்த்த வேண்டியதாயிற்று, அதற்கு வேறு ஓர் அனுமதியோடு. ஃபாதர் சொன்ன காரணம் ஒன்றுதான்.

"டெல்லி எவ்வளவு உயரம் வேணும்னாலும் குடுக்கட்டும்மா. இங்கன சிலுவைக்கு மேல யாருக்கும் லைசென்ஸ் கெடையாது."

ஓடிபி

எல்லாம் தயார். அலை வந்துவிட்டது. சோலார் தகட்டில் கருவி ஓடுகிறது, பச்சை விளக்கு எரிகிறது. இணைப்பைத் திறக்க ஒவ்வொரு வீட்டுக்காரரையும் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்க ஃபோனுக்கு ஓடிபி போகும். நானும் முபாரக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தோம். எல்லோரும் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: ஓடிபி வருவதற்கு சிக்னல் வேண்டும், சிக்னல் இல்லாத இடம் என்பதால்தானே நாம் வந்திருக்கிறோம்! விதி எழுதியவருக்கும் இது தோன்றவில்லை, இத்தனை காலம் அலைந்த எனக்கும் தோன்றவில்லை. அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

மேரியக்கா உட்கார விடவில்லை. மீன் ஏற்ற வந்த வண்டியை நிறுத்தினார். வீட்டுக்கு ஒருவர் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஏறிக்கொண்டார்கள். சிக்னல் எட்டுகிற இடம் வரை போய், ரோட்டோரத்தில் இறங்கி நின்று, ஒவ்வொருவராக நம்பர் சொல்லச் சொல்ல நான் போட்டேன். இடையில் இரண்டு பேருக்கு நேரம் காலாவதியாகித் திரும்பவும் போட்டோம். கடைசியாக வந்தவர் சூசையண்ணன். கேனைப் பிடித்து மிதந்த அந்தக் கைக்கு ஃபோனில் மெசேஜைத் திறப்பதே பெரும்பாடாக இருந்தது. நம்பரைச் சொல்லி முடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இன்டர்நெட்டு வாங்க இன்டர்நெட்டு இருக்க ஊருக்கு வரணும்னா, பேசாம அந்தக் கோயிலையும் தூக்கிட்டு இங்கன வந்துருக்கலாம்ல?"

இன்றைக்கு டோக்கன் இல்லை

அதற்குப் பிறகு ஒரு காலையில், கோபுரத்தில் தளர்ந்திருந்த ஒரு கிளாம்ப்பை இறுக்க நாங்கள் போயிருந்தோம். கடல் குளம் மாதிரிக் கிடந்தது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆண்கள் வள்ளங்களைத் தள்ளத் தொடங்கியிருந்தார்கள். மேரியக்கா கொட்டகையில் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். அவர் ஃபோன் சத்தம் போட்டது. மசாலாக் கையோடு எடுத்துப் பார்த்தார். மீனவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த எச்சரிக்கை: பலத்த காற்று, கடலுக்குப் போகாதீர்கள்.

அவர் ஓடவில்லை, கத்தவில்லை. நேராக நடந்து போய்ப் புருஷனின் வள்ளத்தில் ஏறி, நடுவில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு டோக்கன் இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "நமக்கு என்னைக்குடி டோக்கன் இருந்துச்சு?" என்றார் சூசையண்ணன். நாலு பேர் பார்க்கப் பெண்டாட்டி வள்ளத்தை மறித்தது அவருக்கு மானப் பிரச்சினை. கடலைப் பார், வானத்தைப் பார் என்று கையை நீட்டி நீட்டிச் சண்டை போட்டார். மேரியக்கா எதையும் பார்க்கவில்லை. "அன்னைக்கும் இப்படித்தான் கெடந்துச்சு. இந்த மெசேஜு அன்னைக்குப் பஸ்ஸுல வந்துச்சு, இன்னைக்கு வீட்டுக்கு வந்துருக்கு. என்னத் தள்ளிவிட்டுட்டுப் போ" என்றார். அவரைத் தள்ளிவிட யாருக்கும் கை வரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு வள்ளமாக மேலே இழுத்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் காற்று எழுந்தது. மணல் முகத்தில் அறைந்தது. கொட்டகையின் கூரை பிய்த்துக்கொண்டு பறந்தது. நாங்களும் ஊர் திரும்ப முடியாமல் எல்லோரோடும் மாதா கோயிலுக்குள் ஒதுங்கினோம். பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டு ஆண்களைக் கண்ணால் தேடிப் பார்த்து, இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, திரும்பவும் தேடிப் பார்த்தார்கள். சூசையண்ணன் ஒரு மூலையில் மேரியக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே கடல் போடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். லைசென்ஸ் வந்த அன்றைக்கு எனக்குக் கண்ணீர் வரவில்லை. அந்தக் கோயிலுக்குள் வந்தது. முபாரக் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

இப்போதெல்லாம் விடியற்காலையில் வள்ளத்துக்குப் போகிற ஆண்கள் கொட்டகைப் பக்கம் தலையை நீட்டி, "மேரி, டோக்கன் உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அவர் ஃபோனைப் பார்த்துவிட்டு, "உண்டு, போங்க" என்கிறார். சட்டப்படி இங்கே லைசென்ஸ் வைத்திருப்பவள் நான், ஞாபகம் இருக்கட்டும் என்று ஒருநாள் அவரைச் சீண்டினேன். புதுக் கூரையின் கீழே மீனைத் திருப்பிப் போட்டபடி, அடுப்பிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார்.

"லைசென்ஸு ஒன் பேர்லயே இருக்கட்டும் தங்கச்சி. டோக்கன் குடுக்குறது நான்தான்."

அலையை விற்க நான் அலைந்து வாங்கிய லைசென்ஸைக் காலாவதி ஆவதற்குள் புதுப்பிக்க வேண்டும். மேரியக்காவின் டோக்கன் அதிகாரத்துக்கு அந்தத் தொல்லையும் கிடையாது.